விரிசல் விட்ட கேரவன்: தை, மாசி நாட்குறிப்பு

ஜனவரி 16, 2025 – நாகலூர், ஏற்காடு

காணும் பொங்கல். சித்தப்பா மகனின் தோட்டத்தில் களம் முழுக்க காப்பிக்கொட்டை காய்கிறது. களத்தை ஒட்டித்தான், ஜீப்பில் மாட்டி இழுத்துப்போகிற எங்கள் கேரவனை நிறுத்தியிருக்கிறோம். நேற்றிலிருந்து அதன் கதவு மேலே இடிக்கிறது, கீழே விரல் நுழைகிற அளவுக்குச் சந்து. தரை சமமில்லை போல என்று ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

சாக்கை விரித்து அடியில் படுத்து டார்ச் அடித்தேன். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏ எழுத்து வடிவ இரும்புச் சட்டம், அதாவது ஏ ஃப்ரேம்; அதன் வலது கால், முன் கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடம். கறுப்பு பெயின்ட்டின் மேல் செம்பழுப்பாக ஒரு கோடு. துடைத்தால் துரு விரலில் ஒட்டியது. நகத்தை வைத்து இழுத்தேன், மாட்டியது. வெல்டிங்கின் நடுவில் இல்லை. வெல்டிங் முடிந்து சேனல், அதாவது மேலும் கீழும் மடித்த இரும்புச் சட்டம், ஆரம்பிக்கிற ஓரத்தில் ஓடுகிறது. சேனலின் கீழ் மடிப்பில் தொடங்கி, நிமிர்ந்த பக்கத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏறிவிட்டது.

வீட்டில் சொன்னேன். "அப்போ ராத்திரி இதுலதான் படுக்கணுமா?" என்று கேட்டாள். தோட்ட வீட்டுக்கு மாறிவிட்டோம்.

ஜனவரி 17

ஆளுக்கொரு யோசனை. லீவு கூட்டம் குறைந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றார் ஒருவர். இங்கேயே டவுனில் ஒரு வெல்டிங் வைத்துக்கொண்டு போகலாம் என்றான் தம்பி. பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதே என்பது மூன்றாவது ஆள் வாதம்.

சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அது ஜீப்பில் மாட்டுகிற கப்ளிங் பக்கத்தில், அதே ஏ ஃப்ரேமில்தான் இருக்கிறது. விரிசல் அதற்குப் பின்னால். ஃப்ரேம் அறுந்தால் சங்கிலியும் கப்ளிங்கும் பத்திரமாக ஜீப்போடு வந்துவிடும், கேரவன் மட்டும் தனியாகப் போகும். அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் அது போகும் என்று பார்க்கிற ஆசை எனக்கில்லை.

ரெக்கவரி வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வளைவுகள் குறைவான குப்பனூர் வழியாக வரச் சொன்னேன்.

ஜனவரி 20 – சேலம்

நேற்றுக் காலையில் ஏற்றினார்கள். கப்ளிங்கில் கொக்கி போடப் போன பையனை நிறுத்தி, ஆக்ஸிலில் பெல்ட் போட்டு வின்ச்சில் இழுக்கச் சொன்னேன். தண்ணீர் டேங்கைக் காலி செய்துவிட்டோம். மற்ற சாமான்களில் கைவைக்கவில்லை. வரும் வழியில் எடை மேடையில் ஒருமுறை, கேரவனை இறக்கியபின் வெறும் வண்டியாக ஒருமுறை. கழித்தால் கேரவன் 1,840 கிலோ. வண்டியை வாங்கும்போது கையில் கொடுத்த தாளில் எழுதியிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இறக்கியது கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு லாரி பட்டறையில். கேரவனுக்கென்று தனியாகப் பட்டறை தேடவேண்டியதில்லை என்பது என் கட்சி. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரியையும் போர்வெல் ரிக்கையும் வைத்துப் பிழைக்கிற ஊர்கள். சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், எங்கே வெடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "இதை உடுங்க. பின்னாடி ஹேங்கரைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்குகிற ஹேங்கர்களில், வலது பின்பக்கத்துது சேனலின் மடிப்பையே கொஞ்சம் கீழே இழுத்து வளைத்திருக்கிறது. அங்கேயும் ஒரு துருக்கோடு.

ஜனவரி 22

மச்சான் பாய்லர், பிரஷர் டேங்க் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவர். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாயத்தால் காட்டுகிற டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே டப்பாக்கள் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

பட்டறைப் பையன் கிரைண்டிங் வீலோடு ஓடிவர, மச்சான் தடுத்தார். முரட்டு வீல் போட்டுத் தேய்த்தால் இரும்பு இழுபட்டு விரிசலின் வாயையே மூடிவிடுமாம். வயர் பிரஷ்ஷும் பெயின்ட் ரிமூவரும் வைத்துச் சுரண்டினோம். சிவப்புச் சாயத்தை அடித்துவிட்டுக் கால் மணி நேரம் டீ. பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்தார். நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் வெள்ளை டெவலப்பர், மெல்லிசாக ஒரு பூச்சு.

சுண்ணாம்பு அடித்ததுபோல் காய்ந்த அந்த வெள்ளையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து கோடாயின. கண்ணுக்கு இரண்டு விரலாகத் தெரிந்தது உண்மையில் நாலு விரல். முனை ஊசிபோல மெலிந்து நிமிர்ந்த பக்கத்தின் பாதியைத் தாண்டியிருந்தது.

நான் பயந்துகொண்டிருந்த இடது கால் கோடு வெறும் பெயின்ட் வெடிப்பு. அடியில் இரும்பு சுத்தமாக இருந்தது. ஹேங்கர் பக்கம் இரண்டு விரிசல்கள். நடு கிராஸ் மெம்பரில் ஒன்றுமில்லை.

ஜனவரி 25

இன்று வேலை எதுவும் நடக்கவில்லை, பேச்சுதான். பயனுள்ள பேச்சு.

பழைய இரும்புக் கடையிலிருந்து பிளாட்பாரத் தராசை உருட்டி வந்து கப்ளிங்குக்கு அடியில் வைத்தோம். சேஸை நடுவில் ஸ்டாண்டு போட்டுத் தாங்காமல், மூக்கு முழுக்க தராசில் உட்காரும்படி. 350 கிலோ. மொத்த எடையில் ஏறக்குறைய 19 சதவீதம். இந்த மாதிரி இழுவை வண்டிகளுக்கு மூக்கு எடை 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பார்கள். குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும், கூடினால் ஏ ஃப்ரேமும் ஜீப்பின் பின் ஸ்பிரிங்கும் திணறும்.

ஏன் கூடியது என்பதற்கு நிமிர்ந்து பார்த்தாலே போதும். வண்டி கட்டியவர்கள் ஏ ஃப்ரேமின் மேலேயே ஒரு இரும்புப் பெட்டி அடித்து, அதில் இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு டியூபுலர் பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தார்கள். நிறைந்த வீட்டு சிலிண்டர் ஒன்று 30 கிலோவை ஒட்டி வரும், பேட்டரி அதைப்போல் இரண்டு மடங்கு. இவ்வளவும் வேகத்தடையில் குதிக்கும்போது தராசு காட்டுகிற எடையாக நிற்காது.

மூக்கை ஜீப் மேலே தூக்குகிறது, உடம்பு கீழே அழுத்துகிறது. அதனால் ஏ ஃப்ரேம் கிராஸ் மெம்பரைச் சேரும் இடத்தில் அடிப்பக்கம்தான் இழுபடும். சரியாக அந்த அடி மடிப்பின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, வெல்டிங் போட்டிருக்கிறார்கள். வெல்டிங் ஓரத்தில் எப்போதும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தப் பள்ளம் கொஞ்சம் திறந்து மூடும். ஒருநாள் மூடாது.

"நல்ல ஸ்டீல்ல கட்டியிருந்தா தப்பிச்சிருக்குமா?" என்று மச்சானைக் கேட்டேன். வெல்டு வைத்த மூட்டில், உலோகச் சோர்வைப் பொறுத்தவரை சாதா இரும்பும் உயர்ந்த ரக இரும்பும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றார். இடமும் வடிவமும்தான் கணக்கு.

ஹேங்கர் கதை வேறு. அதற்குக் காரணம் மலை. எங்கள் வண்டிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆக்ஸில். கொண்டை ஊசியில் திரும்பும்போது முன் டயர் ஒரு பக்கமும் பின் டயர் எதிர்ப்பக்கமும் தார் ரோட்டில் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகும். அந்தத் தள்ளல் முழுக்க ஹேங்கர் வழியாக ஏறுகிறது. ஹேங்கரோ சேனலின் மெல்லிய மடிப்பில் மட்டும் ஒட்டியிருக்கிறது. கோயம்புத்தூர் ரோட்டிலேயே ஓடியிருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும்.

ஜனவரி 29

தை அமாவாசை. பட்டறையில் பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டு மூடிவிட்டார்கள். நாங்கள் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போனோம், நல்ல கூட்டம். இரும்புத்தாது உள்ள மலை. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதைப் பரங்கிப்பேட்டைவரை கொண்டுபோய் உருக்கிப் பார்த்தார். கூட வந்தவள், "இங்கேயும் இரும்பா?" என்றாள்.

பிப்ரவரி 3

வெல்டிங் நாள். அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. சிலிண்டர்கள் வெளியே. பேட்டரி கனெக்‌ஷன் கழற்றியாகிவிட்டது. விரிசலுக்கு மேலே உள்ள பிளைவுட் தரையை அறுத்து எடுத்து, தெர்மாகோல், ஒயர் எல்லாவற்றையும் ஒரு முழம் தள்ளி ஒதுக்கினோம். ஈரச் சாக்கு, இரண்டு பக்கெட் தண்ணீர், தீயணைப்பு சிலிண்டர் ஒன்று. வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு அடிக்குள் கவ்வ வைத்தார் மேஸ்திரி. தூரத்தில் சக்கரத்தின் பக்கம் போட்டால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

பிறகு நூல் பிடித்தார்கள். முன்மூலையிலிருந்து பின்மூலைக்கு இரண்டு குறுக்கு அளவும் டேப்பில் எடுத்து, அடியில் ஜாக்கி கொடுத்து, விரிசல் மூடி அளவுகள் ஒன்றாகும்வரை தூக்கினார்கள். விரிசலின் முனைக்குச் சற்றே தள்ளி ஒரு துளை, அது மேற்கொண்டு ஓடாமலிருக்க. கிரைண்டரால் கோடு முழுக்க வி வடிவில் பள்ளம்.

வெல்டிங் ராடு விஷயத்தில் மேஸ்திரி கறார். 7018 என்கிற ரகம்தான், அதுவும் ஓவனில் சூடாக இருந்து நேராகக் கைக்கு வரவேண்டும். திறந்து வைத்த பாக்கெட் ராடு ஈரம் குடித்திருக்கும், அது வெல்டுக்குள் ஹைட்ரஜனைக் கொண்டுபோகும். கேட்டுக்கு, ஜன்னலுக்கு வைக்கிற 6013ஐ நீட்டிய பையன் முறைப்பு வாங்கினான். சின்னச் சின்ன ஓட்டமாக வைத்து, ஆறவிட்டு, கசடு தட்டி, மறுபடி. துளையும் நிறைந்தது. மடிப்பின் மேலிருந்த மேட்டைச் சேனலின் நீளவாக்கில் தேய்த்துச் சமமாக்கினார். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலே அடுத்த விரிசலுக்கு வழிவிடும்.

முடிந்தபின் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தெர்மாகோல் உள்ளே கனன்றுகொண்டிருந்து பிறகு பற்றும் என்பது அவர் அனுபவம்.

பிப்ரவரி 6

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பன்னெண்டு எம்எம் பிளேட்டைச் சுத்திப் போட்டு அடிச்சிருங்க, ஜென்மத்துக்கும் வராது." சேனலை மூடிப் பெட்டியாக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். பெட்டி முறுக்கலைத் தாங்கும், உண்மைதான். ஆனால் பாதி தூரம் மட்டும் பெட்டியாக்கினால், பெட்டி முடிகிற இடத்தில் அடுத்தது வெடிக்கும்.

மேஸ்திரி லாரியைக் காட்டினார். எதிரே நின்ற பழைய பத்துச் சக்கர வண்டி. "பாருங்க, கம்பெனிக்காரன் சேஸுல கிராஸ் மெம்பரை ரிவிட் அடிச்சிருக்கான். மேல பாடி கட்டுறப்போ நாங்க யூ போல்ட் போட்டு, நடுவுல மரக்கட்டை குடுப்போம். மடிப்புல வெல்டிங்கும் வைக்கமாட்டோம், ஓட்டையும் போடமாட்டோம். சேஸ் நெளியணுங்க. நெளிய உடாம புடிச்சா அந்த இடத்துல உடைஞ்சிரும்."

அதனால் எங்கள் பிளேட் 6 எம்எம்தான், சேனலின் நிமிர்ந்த பக்கத்தில். இரண்டு முனைகளும் சாய்வாக வெட்டி, நீளவாட்டில் மட்டும் வெல்டிங். முனைகளில் வெல்டு இல்லை, மடிப்பைத் தொடவும் இல்லை. இடது காலுக்கும் அதேபோல ஒன்று. ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் நெகிழ்வாகவும் இருந்தால் வண்டி முறுக்கும். கிராஸ் மெம்பரின் கீழிருந்த அந்தக் குறுக்கு வெல்டிங்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, பக்கவாட்டில் போல்ட் போட்ட ஒரு கோணத்தகடு.

பார்ப்பதற்கு மெலிவாகத்தான் இருக்கிறது. வந்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

பிப்ரவரி 11

தைப்பூசம். மேஸ்திரி குடும்பத்தோடு காளிப்பட்டி கந்தசாமி கோயிலுக்கு. வேலை இல்லை.

பிப்ரவரி 14

நான்கு ஹேங்கர்களும் புதியவை. மடிப்பைத் தாண்டி நிமிர்ந்த பக்கம்வரை ஏறிப் பிடிக்கும்படி நீளமாக வெட்டியவை. இடது வலது ஹேங்கர்களைக் குறுக்கே ஒரு சதுரக் குழாயால் இணைத்தாயிற்று. இனி பக்கவாட்டுத் தள்ளல் ஒரு மடிப்பின் தலையில் விழாது. ஸ்பிரிங் பட்டையின் முனை அசைய வழிவிடுகிற ஷேக்கிள் புஷ் இரண்டு துருவேறி இறுகிக் கிடந்தன. பட்டை மடங்கி நிமிர வழியில்லாமல் அடி நேராக சேஸுக்குப் போயிருக்கிறது. கிரீஸ் நிப்பிள் வைத்த பின்கள் போட்டோம்.

பேட்டரி கட்டிலுக்கு அடியில், ஆக்ஸிலுக்கு நேர்மேலே வந்துவிட்டது, காற்றுக்குழாயோடு. ஒரு சிலிண்டர் போதும். ஜெனரேட்டரை விற்கலாம் என்றேன், வீட்டில் உடனே சம்மதம். அந்தச் சத்தம் அவளுக்கு எப்போதுமே ஆகாது. தராசில் மூக்கு 225 கிலோ.

பிப்ரவரி 18

ரெட் ஆக்ஸைடு, அதன்மேல் இனாமல். வெல்டு வைத்த இடங்களைச் சுற்றி மட்டும் கறுப்புக்குப் பதில் வெள்ளை. துரு கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். குறுக்குக் குழாயின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள்.

பிப்ரவரி 23

குப்பனூர் வழியாக மேலே போய் வந்தோம், டேங்கில் பாதித் தண்ணீரோடு. இனி டபுள் ஆக்ஸிலோடு அடிவாரம் வழி கிடையாது, அதை முடிவு செய்துவிட்டேன். நாகலூரில் மறுபடி சாக்கை விரித்து, வெள்ளைப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுத்தம். கோணத்தகட்டு போல்ட்டில் ஒன்று கால் சுற்று வாங்கியது, மற்றவை அசையவில்லை. ஹேங்கர் மடிப்புக்கு மேல் மச்சான் இன்னொரு முறை டை அடித்துப் பார்க்கவேண்டும், மேயில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்குள்.