போனுக்கு இரண்டாம் வருஷ வாரண்டி: எடுப்பதா, விடுவதா?

மட்டக்களப்பில் கல்லடிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில் ஸ்கூட்டரில் ஓடித் திரிகிற வேலை எனக்கு. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது, படம் எடுப்பது, அதை வட்ஸ்அப்பில் கந்தோருக்கு அனுப்புவது எல்லாம் போனில்தான். பழையது சார்ஜ் பிடிக்காமல் போக, திருமலை வீதியில் ஒரு கடையில் 92,000 ரூபாவுக்குப் புதிது ஒன்று பார்த்துப் பேசி முடித்தேன். 2024 ஜனவரியில் போனுக்கும் 18 வீத வற் வரி வந்ததில் இருந்து சுமாரான போனே இந்த விலைக்கு ஏறி நிற்கிறது. பில் அடிக்கிற நேரம் பார்த்துக் கவுண்டரில் நின்ற தம்பி சொன்னார்:

“மிஸ், இன்னும் 8,500 போட்டீங்க எண்டா ரெண்டாம் வருஷத்துக்கும் வாரண்டி இரிக்கி. கணக்குப் பார்த்தா ஒரு நாளைக்கு 23 ரூபாதான். ஒரு பிளேன்ரீக்கும் காணாது.”

வருஷக் காசை நாளால் பிரித்துச் சொல்கிறவர்களிடம் நான் கொஞ்சம் நின்றுதான் பேசுவேன். “நிபந்தனை எழுதின கடுதாசி ஏதும் இரிக்கா தம்பி?” என்று கேட்டேன். பளபளப்பான துண்டுப்பிரசுரம் ஒன்று வந்தது. சிரிக்கிற குடும்பப் படமும், ‘முழுப் பாதுகாப்பு’ என்று பெரிய எழுத்தும். அவ்வளவுதான். முழு நிபந்தனையும் வேண்டும் என்றதும் உள்ளே போய்த் தேடி, ஆங்கிலத்தில் நாலு பக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கேட்டுக் கிளறியதில் இன்னொன்றும் தெரிய வந்தது. போன் வாங்கி 30 நாளுக்குள் எப்போது வந்தும் இதைச் சேர்த்துக்கொள்ளலாமாம். இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. போனை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாலு பக்கத்தில் முதலில் தேடியது, வாக்குக் கொடுப்பது யார் என்பதை. எங்கள் பக்கத்தில் வாரண்டி என்ற ஒரே பெயரில் பல விதமான கடுதாசி ஓடுகிறது. கம்பனி வாரண்டி என்றால் போன் செய்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் தருவது. கடை வாரண்டி என்றால் வேறு வழியால் இறக்கின போனுக்குக் கடைக்காரர் தன் பெயரில் தருவது. கடை பூட்டினால் வாரண்டியும் பூட்டினதுதான். எனக்கு நீட்டியது இரண்டும் இல்லை. போன் கம்பனிக்கும் கடைக்கும் வெளியே நிற்கிற மூன்றாவது ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தம் அது. கடை அதை விற்றுக் கொடுக்கிறது. நாளைக்கு ஒன்று நடந்தால் திருமலை வீதியில் போய்ச் சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை, கொழும்பு இலக்கம் ஒன்றுக்குத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, எதற்குப் பொறுப்பு என்பது. அது ஒரு வரியில் முடிந்தது: உற்பத்திக் குறைபாடு. எதற்குப் பொறுப்பில்லை என்பது ஒன்றரைப் பக்கம். விழுந்து உடைந்தது, தண்ணீர் பட்டது, கீறல், சார்ஜரும் வயரும், வெளியாள் கழற்றிப் பார்த்தது, சொப்ட்வெயாரை மாற்றியது, பற்றரி தேய்ந்தது. தண்ணீர் விஷயத்தை இரண்டு தரம் வாசித்தேன். தண்ணீரும் தூசியும் தாங்கும் என்ற தரக்குறியாக, பெட்டியில் ஐபி68 என்று அடித்திருக்கும் போனுக்கும் அதே கதைதான். அந்தச் சோதனை ஆய்வுகூடத்தில் நன்னீரில் செய்வது. உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. பெரிய கம்பனிகளின் சொந்த வாரண்டியே தண்ணீர்ச் சேதத்தை ஏற்காது. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இன்னொன்று கிடந்தது. திருத்த முடியாமல் போனால் புதுப் போன் கிடையாது. தேய்மானம் கழித்த பெறுமதிக்கு வவுச்சர்தான். இரண்டாம் வருஷத்தின் நடுப்பகுதியில் அது வாங்கின விலையில் பாதி.

கடுதாசி ஒன்று சொல்லும், போன் வேறொன்று செய்யும். அதனால் காத்தான்குடியில் போன் திருத்துகிற காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது) ஒருவரிடம் போனேன். அவருடைய மேசை ஒரு பாய் அளவு இருக்கும், அதில் திறந்து கிடக்கிற போன்கள் எப்போதும் நிறைந்திருக்கும். என்னென்ன பிரச்சினையோடு ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டேன்.

“டிஸ்பிளே, சார்ஜிங் போர்ட், பற்றரி. இந்த மூணும்தான் தங்கச்சி நமக்குச் சோறு போடுது.”

பேசிக்கொண்டே ஒரு போனை எடுத்து, ஊசியால் சிம் தட்டை வெளியே தள்ளினார். டோர்ச்சை அந்தத் துவாரத்துக்குள் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஓரத்தில் கடுகளவு ஒரு பொட்டு, நல்ல சிவப்பு. “இது வெள்ளையா இரிக்கணும். ஈரம் பட்டா இப்பிடிச் சிவந்திரும். சேர்விஸ் சென்டர்ல முதல்ல பாக்கிறது இதத்தான். சிவப்பைக் கண்டா அதோட கதை முடிஞ்சிது.” பிறகு சார்ஜ் போடுகிற வாயைக் கிளறிக் காட்டினார். பச்சை நிறத்தில் தூள் உதிர்ந்தது. செம்பில் உப்புப் பிடித்தால் வருகிற களிம்பு. அந்தப் போன்காரர் தண்ணீருக்குள் போட்டதே இல்லையாம். சேட்டுப் பையில் வைத்து வியர்வையோடு கடற்கரையில் வேலை செய்கிறவர், அவ்வளவுதான்.

“மெயின் போர்ட் செத்து வாறது?”

“வரும், குறைவு. வந்தா பெரிய காசு.” என்னுடைய மொடலுக்கு மெயின் போர்ட், அதாவது போனின் தாய்ப்பலகை, மாற்றினால் 40,000 மட்டில் வரும் என்றார். நீட்டிப்பு வாரண்டியைப் பற்றி நான் வாய் திறக்க முதலே, “அது மாரி முடிஞ்ச பிறகு குடை வாங்கிற மாதிரி” என்று சிரித்தார். தன் பிழைப்பை வைத்துப் பேசுகிறவர்தானே என்று அதையும் ஒரு கண்ணால்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இலத்திரனியல் சாமானில் தயாரிப்புப் பிழை இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களிலேயே காட்டிவிடும். அந்தக் காலம் முதல் வருஷக் கம்பனி வாரண்டிக்குள் அடங்கும். அதற்குப் பிறகு வருவது தேய்மானம், அதில் முன்னுக்கு நிற்பது பற்றரி. ஆப்பிள் தானே சொல்கிற கணக்கில், ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 வீதக் கொள்ளளவில் நிற்கும்படி செய்யப்பட்டது. 15இல் இருந்து 1,000 சுற்று. நாளுக்கு ஒரு தரம் முழுதாகச் சார்ஜ் போடுகிறவருக்கு 500 சுற்று என்பது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நான் காசு கட்டப் போகிற அதே இரண்டாம் வருஷத்தில் பற்றரி சோரத் தொடங்கும், பற்றரி அந்தக் கடுதாசியில் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒருதலைப்பட்சம். அமோலெட் என்ற வகைத் திரைகளில் திடீரென்று மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுகிற பிரச்சினை உண்டு. விழவும் இல்லை, நனையவும் இல்லை, ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் கோடு. இந்தியாவில் இது பெரிதாகி, வன்பிளஸ் நிறுவனம் 2024இல் அங்குள்ள தன் வாடிக்கையாளருக்கு இந்தக் கோட்டுக்கு மட்டும் வாழ்நாள் வாரண்டி அறிவித்தது. அப்படி ஒரு அறிவிப்பு இங்கே நமக்கு இல்லாவிட்டால், வருஷம் முடிந்த பிறகு கோடு விழுந்தால் டிஸ்பிளேக் காசு நம் தலையில்தான். நீட்டிப்பு வாரண்டி உண்மையாகவே கைகொடுக்கிற இடம் இதுதான். இதை நினைத்தே நான் ஒரு கிழமை அளவு முடிவெடுக்காமல் இழுத்தேன்.

பிறகு பென்சிலை எடுத்தேன். 8,500 ரூபா கட்டி, மெயின் போர்ட் போனால் 40,000 மிச்சம். இது சரிக்குச் சரி வர வேண்டும் என்றால் என்னைப் போல வாங்குகிற ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் இரண்டாம் வருஷத்தில் மெயின் போர்ட் போக வேண்டும். டிஸ்பிளே 28,000 என்று வைத்தால், பச்சைக் கோடு மூன்று, மூன்றரைப் பேரில் ஒருவருக்கு விழ வேண்டும். அந்த அளவுக்குப் போன்கள் கெட்டால் காத்தான்குடி மேசை பாய் அளவில் நிற்காது. இதற்குள் விற்கிற கடையின் கமிஷனும், அந்த நிறுவனத்தின் லாபமும் வேறு இருக்கிறது.

காசுக்கணக்கை விட என்னை உறுத்தியது தூரம். அந்தக் கொழும்பு இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பதில் சொன்னார். மட்டக்களப்பில் போனை வாங்கி அனுப்புகிற இடம் மட்டும் உண்டு, பார்ப்பதும் திருத்துவதும் கொழும்பில். பரிசோதனை, அனுமதி, உதிரிப்பாகம், திருப்பி அனுப்புவது என்று இரண்டு மூன்று கிழமை ஆகலாம். இடையில் பாவிக்க மாற்றுப் போன் இல்லை. கொடுக்க முன்னர் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வங்கி அப், அதற்கு வருகிற ஓரீபீ (ஒரு தரம் பாவிக்கிற இரகசிய இலக்கம்), கந்தோர் குறூப், அம்மாவின் கிளினிக் திகதி எல்லாம் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிற எனக்கு மூன்று கிழமை என்பது விளையாட்டு இல்லை. உதயதேவி ரயிலில் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்தால் லீவும் போகும், ரயில் காசும் போகும். போனோ பரிசோதனை வரிசையில்தான் நிற்கும்.

முதல் வருஷ வாரண்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. *#06# அடித்து வந்த 15 இலக்க ஐஎம்இஐயை, அதாவது போனின் அடையாள இலக்கத்தை, பெட்டி ஸ்டிக்கரோடும் பில்லோடும் ஒப்பிட்டேன். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். கடையில் நிற்கும்போதே இதைச் செய்துவிடலாம், காசு கொடுக்க முதல். போன் கம்பனியின் தளத்தில் அதே இலக்கத்தைப் போட்டு வாரண்டி எந்தத் திகதியில் தொடங்குகிறது என்றும் பார்த்தேன். காட்சிக்கு வைத்திருந்த போனை ‘புதுசு’ என்று தள்ளிவிட்டால் அந்தத் திகதி காட்டிக்கொடுக்கும். பில்லையும் படம் எடுத்து வைத்தேன். எங்கள் வெயிலுக்கு அந்த வழுவழுப்பான பில் கடுதாசியில் எழுத்து மாதக்கணக்கில் நிற்காது, மங்கி வெள்ளையாகிவிடும்.

தந்த வாரண்டியைக் கடை மதிக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வாரண்டிக்கு மாறாக விற்ற சாமானைப் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், தொலைபேசி 1977. கடையில் இந்த இலக்கத்தைச் சொன்னாலே குரல் இறங்குவதைக் கண்டிருக்கிறேன்.

ஆக, நீட்டிப்பை எடுக்கவில்லை. நல்ல கவர் ஒன்றும் டெம்பர் கிளாஸும் வாங்கி, மிச்சக் காசைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டேன். பற்றரிக்கோ திரைக்கோ எது முந்துகிறதோ அதற்கு.

இதே முடிவை மச்சானுக்குச் சொல்லவில்லை. அவர் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவர். ஈரக் கையும் ஐஸ் பெட்டியும் சீமெந்துத் தரையுமாகப் போகிற நாள் அவருடையது. “மச்சாள், எனக்கும் வேணாமா?” என்று கேட்டார். அவர் வாங்கிய கம்பனியில் விபத்துச் சேதத்துக்கென்று வேறு திட்டம் இருந்தது. 11,000 ரூபா, வாங்கிய நாளில் இருந்தே தொடங்கும், ஒரு தரம் டிஸ்பிளே மாற்றலாம், செலவில் 20 வீதம் நம் பங்கு. அவருடைய தொழிலுக்கு அது பொருந்தும் என்று சொன்னேன், எடுத்தார்.

சில மாதத்தில் போன் கை நழுவித் தரையில் முகங்குப்புற விழுந்தது. டிஸ்பிளே 28,000. அவருடைய பங்கு 5,600. திட்டக் காசையும் சேர்த்தால் 16,600. லாபம்தான், ஆனால் லேசில் வரவில்லை. 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும், ஐஎம்இஐ தெரிகிற மாதிரிப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். திரை செத்த போனில் *#06# அடிப்பது எப்படி? போன் வந்த பெட்டி மாமியின் அலுமாரிக்கு மேல், ஊசி நூல் போட்டு வைக்கிற பெட்டியாக இருந்ததால் தப்பியது. அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினோம். அசல் பில் அதற்குள் மங்கிவிட்டது, வாங்கின அன்றே அவர் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தை ஏற்றுக்கொண்டார்கள். போன் திரும்பி வரும் வரைக்கும் மீன் விலை கேட்கிறவர்கள் எல்லாம் மாமிக்கு எடுத்தார்கள். ‘அறக்குளா என்ன விலை’ என்று கேட்டால் மாமியே ஒரு விலை சொல்லிவிடுவா.

என்னுடையதுக்கு இப்போது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மெயின் போர்ட் போகவில்லை, கோடு விழவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கே சார்ஜ் கேட்கிறது. காக்கா சாதாரணப் பற்றரி 6,500, ஒரிஜினல் 9,500 என்கிறார். ஒரிஜினலைக் கொழும்பில் இருந்து எடுத்துத் தரச் சொல்லி, முற்காசு கொடுத்திருக்கிறேன்.