ஏழாவது வரி

"தம்பி, ஆத்தோரச் செம்பனை நெரையில போன் லைன் இருக்காதே, இதுல எப்படிப்பா குலைக் கணக்குப் போடுறது?"

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன் கேட்டார். என் தே தாரிக் ஆறிவிட்டது.

குலைக் கணக்குப் பதியும் போன் செயலிக்கு நான் முடித்த வடிவமைப்பை முதல் தேவைப் பட்டியலோடு வைத்து, வரிவரியாக டிக் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது வரி: "லைன் இல்லாத இடத்திலும் பதிய வேண்டும்." காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர் சொல்ல நான் எழுதியது. அந்த வரியின் மேலேயே எண்ணெய்க் கறை.

வரைபடத்தில் அதற்கு ஒரு பெட்டிகூட இல்லை. எல்லா அம்புக்குறியும் நேராகச் சர்வருக்கே ஓடுகிறது!

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். கணக்கு வராமல் லாரி எங்கே கிளம்புவது?

அப்புறம் தலைகீழாகவும் பார்த்தேன். யாருமே கேட்காத கலர் கலரான திரைகள் மூன்று. (அவற்றைத்தான் ரசித்து வரைந்திருந்தேன்.)

மூன்றையும் அடித்தேன். போனிலேயே சேமித்து, லைன் கிடைத்ததும் அனுப்ப ஒரு பெட்டி வரைந்தேன்.

அண்ணன் இன்னொரு தே சொன்னார்.