தையல் கடையிலிருந்து குட்டநாட்டு வயலுக்கு

வி.எஸ்.அச்சுதானந்தன் 2025 ஜூலை 21 அன்று மறைந்தபோது நான் வாசித்த அஞ்சலிக் குறிப்புகள் அவரைக் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் என்றே தொடங்கின. என் மனமோ அவருடைய இளமைக்காலத்தையே சுற்றிவந்தது.

ஆலப்புழை அருகே புன்னப்பிராவில் 1923இல் பிறந்தவர், நான்கு வயதில் தாயையும் பதினொன்றில் தந்தையையும் இழந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அண்ணனின் தையல் கடையில் வேலை பழகினார். பிறகு கயிற்றுத் தொழிற்சாலைக்குப் போனார். 1940இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்த அவரைக் குட்டநாட்டு வயல்களுக்கு அனுப்பியவர், கேரளத்தில் அக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பி.கிருஷ்ணப்பிள்ளை. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த அந்த நிலத்தில் சேற்றில் நின்று நட்டும் அறுத்தும் வந்த கூலிகள், ஆலைத் தொழிலாளர்களைப்போல ஒரே கூரையின்கீழ் கூடுகிறவர்கள் அல்லர். வரப்பு வரப்பாக, குடிசை குடிசையாக நடந்துதான் அவர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அவருடைய வாழ்நாளின் ஆகப்பெரிய பணி இதுவே என்பது என் எண்ணம்.

திருவிதாங்கூர் திவானின் ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளர்கள் கிளர்ந்த 1946 புன்னப்பிரா-வயலார் எழுச்சிக்குப்பின் பிடிபட்டபோது, லாக்கப் கம்பிகளுக்கு வெளியே அவருடைய கால்களை இழுத்துக் கட்டி அடித்த போலீசார், உள்ளங்காலில் துப்பாக்கிமுனைக் கத்தியைச் செருகினார்கள்.

1967இல் அம்பலப்புழையிலிருந்து சட்டமன்றம் சென்றார். 82 வயதில், 2006இல், முதலமைச்சரானார். இடையே 1997இல், நெல்வயல்களில் நெல்லுக்குப் பதிலாகப் பயிரிட்டிருந்தவற்றை வெட்டிச் சாய்க்கும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிக் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். வளர்ந்து நின்ற பயிரை வெட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வயல் போனால் கூலியாளின் வேலையும் போய்விடும் என்ற அவருடைய கவலை நியாயமானது. நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் அவருடைய ஆட்சியில்தான் வந்தது.

முல்லைப் பெரியாறு விவகாரத்தில் அவர் எடுத்த நிலைப்பாடு தமிழர்களாகிய நமக்கு ஏற்புடையதன்று. அந்த மனக்குறை எனக்கும் உண்டு. ஆயினும் 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சங்கத் தலைவர்களையும் நம்பாமல் தாங்களே சாலையில் அமர்ந்து, தேடிவந்த அரசியல்வாதிகளை விரட்டியபோது, 91 வயதுக்காரரான அவருக்கு மட்டும் தங்கள் நடுவே இடம்விட்டார்கள். தீர்வு கிடைக்கும்வரை இங்கிருந்து போகமாட்டேன் என்று சொல்லி அவர்களோடு உட்கார்ந்தார். அவர்கள் கேட்ட 20 சதவீத போனஸ் அன்றிரவே ஒப்புக்கொள்ளப்பட்டது.