குதிரை புதிதாக வாங்கியவர்களுக்கு

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது புதிதாக வளர்ப்பவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தீவனத்தைத் திடீரென மாற்றுவதோ தானியத்தை அளவுக்கு மீறி வைப்பதோ உயிருக்கே ஆபத்தான வயிற்றுவலியில் கொண்டுபோய் விடலாம். தீனியைத் தொடாமல், முன்காலால் தரையைக் கீறி, அடிக்கடி தன் விலாப்புறத்தைத் திரும்பிப் பார்க்கிறது என்றால், மாலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றிராமல் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். நலமாக இருக்கும் நாளிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு அது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாடையெலும்பின் அடியில் ஓடும் தமனியில் விரல் வைத்தால் துடிப்பு தெரியும் (எனக்கு அது பிடிபடவே ஒரு வாரம் ஆயிற்று). குளம்புகளை நாள்தோறும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். அழுகல் இருந்தால் கண்ணுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். டெட்டனஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.