அப்பா கோயிலுக்குப் போன கதை

என் வீட்டுக்காரர் போடும் திட்டங்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சுற்றுலாக் கப்பல் குவாதலூப் என்ற கரீபியன் தீவில் நிற்கப்போவது ஒரே ஒரு பகல். அதற்கு ஒரு மாதம் முன்பே எக்செல் தயார். எட்டரைக்கு இறங்குவது, ஒன்பதுக்கு டாக்சி, பத்துக்குள் சேந்த்-ஆன் கடற்கரையில் கால் நனைப்பது. கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் வண்டியில் போனால் காசு தண்டமாம். ரோஸ் கலர் ஃப்ளமிங்கோ மிதவை ஒன்றை அறையிலேயே ஊதி, லிஃப்டில் இருந்தவர்கள் முகத்திலெல்லாம் இடித்தபடி தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா வரவில்லை. முட்டி வலி என்றாள். பதினோரு மணிக்குக் கப்பலில் பிங்கோ ஆட்டம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

புவாந்த்-அ-பித்ர் துறைமுக வாசலிலேயே கட்டம் போட்ட பாவாடையும் அதே துணியில் தலைக்கட்டுமாகப் பெண்கள் நின்றார்கள். இந்தத் தீவின் பாரம்பரிய உடையே அதுதான். துணிக்குப் பெயர் மெட்ராஸ். எந்தக் காலத்திலோ நம் கரையிலிருந்து கப்பலேறி வந்த துணி. அப்பா நின்று பார்த்துவிட்டு, "என் கைலியை எதுக்கு இவங்க தலையில கட்டியிருக்காங்க?" என்றார். அங்கே ஒரு மேஜை விரிப்புக்குச் சொன்ன விலையைக் கேட்டதும், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கைலி மூட்டையை மனசுக்குள் யூரோவில் மாற்றிப் பார்த்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வினை டாக்சியில்தான் வந்தது. குவாதலூப் என்றால் பிரான்ஸ். அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். இவருடைய ஆங்கிலம் அந்த டிரைவரிடம் எடுபடவில்லை. "மாப்பிள்ளை, நீங்க தள்ளுங்க. காசை இப்படிக் கொடுங்க, நான் பேசிக்கறேன்" என்று அப்பா முன்சீட்டில் ஏறிவிட்டார். காரைக்காலில் இருந்தபோது எதிர்வீட்டு சொல்தா தாத்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) கற்றுக்கொடுத்த பிரெஞ்சு அவருடையது. வணக்கம், நன்றி, அப்புறம் இரண்டு கெட்ட வார்த்தை. அதில் கடற்கரை இல்லை. இவர் பின்னாலிருந்து "பீச், பீச்" என்று குருவி போலக் கத்த, அப்பா நெஞ்சைத் தட்டி, "இந்தியா! காரைக்கால்!" என்று அறிமுகப் படலத்தில் இறங்கினார். டிரைவர் திரும்பி என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "காரிக்கால்!" என்று அவரும் கத்தினார். வண்டி கிளம்பியது.

தீவு வண்ணத்துப்பூச்சி வடிவம். கடற்கரை கிழக்கு இறக்கையில். நாங்கள் கபார் பாலத்தைத் தாண்டி மேற்கு இறக்கையில் போய்க்கொண்டிருந்தோம். கைபேசியில் நீலப் புள்ளி எதிர்த்திசையில் நகர்வதை இவர் கண்ணீர் மல்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், தாருக்குத் தார் நீலப் பை. "தாருக்கெல்லாம் சட்டை மாட்டி வளர்க்கிறான் பாரு" என்று அப்பா ரசித்தார். 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலையும் அந்தப் பக்கம்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். எனக்கு ஃப்ளமிங்கோவின் பின்பக்கம்தான் தெரிந்தது.

காபெஸ்தேரில், ஷான்ழி என்ற இடத்தில் வண்டி நின்றது. எதிரே மாரியம்மன் கோயில். பச்சை, மஞ்சள், நீலம் என்று வர்ணம் பூசிய சிலைகளோடு சாட்சாத் நம்மூர்க் கோயில். டிரைவருக்கு முகமெல்லாம் பெருமை. இவர் அரை டிராயரோடு அம்மன் முன்னால் மிதவையைக் கட்டிப்பிடித்து நின்றார்.

அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. திருநள்ளாறில் பிறந்தும், சனிப்பெயர்ச்சிக்கு உலகமே திரண்டபோதும், அந்தக் கோயில் வாசலை மிதிக்காத கறுப்புச் சட்டை. என் கல்யாணத்தில் ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, ஒரு மணி நேரச் சொற்பொழிவு மட்டும் இருந்தது. (தாலியை அம்மா முந்தின நாளே ரகசியமாக அம்மன் காலில் வைத்து எடுத்து வந்தது தனிக்கதை.) "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்றார்.

உள்ளே ஒரு பாட்டி பெருக்கிக்கொண்டே பாடினார். தமிழ்தான், ஆனால் சொற்களின் மூலை முடுக்கெல்லாம் தேய்ந்துபோன தமிழ். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அங்க தப்பு. 'தாயே'ன்னு நீட்டணும்" என்றபடி அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். எங்கே பிழை கண்டாலும் அவரால் சும்மா இருக்க முடியாது, அது அம்மன் பாட்டாக இருந்தாலும். பாட்டி ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து காட்டினார். முழுக்க பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பாட்டு. அப்பா பாடிக் காட்டினார். பாட்டி தலையாட்டிக் கேட்டுவிட்டு, விரலை ஆட்டி, மறுபடியும் தன் விதமாகவே பாடினார். அவருக்கு அவர் பாட்டி சொல்லிக்கொடுத்தது அப்படித்தான் போலிருக்கிறது. அப்பா வாக்குவாதத்தில் தோற்று நான் பார்த்தது அன்றுதான்.

சின்னவன் கைபேசியைப் பார்த்து உரக்கப் படித்தான். 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் 300-க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு வந்து சேர்ந்தது. அப்புறம் 1889 வரை சுமார் 42,000 பேர், காரைக்காலில் ஏறியவர்களும் அதில் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று சிதம்பரம் என்ற ஒருவர் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923 வரை இழுத்திருக்கிறது.

"கப்பல்ல எத்தனை நாளாம்?" என்றார் அப்பா.

"சுமார் மூணு மாசம், தாத்தா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கப்பல் ஏறிய நாளிலிருந்து பஃபே சோற்றைத் திட்டாத வேளை கிடையாது. அன்று ராத்திரி பேசாமல் சாப்பிட்டார். ஊறுகாய் மட்டும் கேட்டார்.

திரும்பும்போது ஜாரி பக்கம் எப்பேர்ப்பட்ட நெரிசல் என்கிறீர்கள்! கடைசி ஆட்களாக ஓடி ஏறினோம். மிதவையை ஸ்கேனரில் விட முடியாமல் காற்றைப் பிடுங்கச் சொன்னார்கள். அது பெருமூச்சு விட்டு முடியும்வரை வரிசையே காத்திருந்தது.

அறைக்குள் நுழைந்ததும் அம்மா அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். குங்குமம்.

"ஆடிக்குக் கூழ் ஊத்தறாங்க, தெருமுனை வரைக்கும் வாங்கன்னா வரமாட்டீங்க. என்னை பிங்கோவுல உட்கார வெச்சுட்டு, கடல் தாண்டி வந்து அம்மனைப் பார்த்தீங்களா?"

"அது வரலாறு" என்றார் அப்பா.

"வரலாறா? சரி. உண்டியல்ல என்ன போட்டீங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்சிக்குக் கொடுத்த பணத்தில் இருபது யூரோ உதைக்கிறதே என்று வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இவர், மெதுவாக நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தார்.