தொலைபேசியில் சொல்லும் பதிலே முகப்பு வாசகம்

சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இணையதள வாசகம் எழுதித் தருவது என் வேலை. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றை வீட்டுக்கே சென்று பழுதுபார்க்கும் ஒருவருக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த முகப்பு வாசகம் இது: "பல்லாண்டு அனுபவமிக்க நிபுணர்களைக் கொண்டு, வீட்டு உபயோகப் பொருட்களுக்கான அனைத்துவிதச் சேவைகளையும் உயர்ந்த தரத்தில் வழங்கி வருகிறோம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் தாரக மந்திரம்." அதில் பிழை எதுவும் இல்லை, அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் தளத்தைப் பார்த்துவிட்டு அழைத்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். வீட்டுக்கு வருவீர்களா, எங்கள் பகுதிக்கு வருவீர்களா, இன்றைக்கே வர முடியுமா, வந்து பார்ப்பதற்கே பணம் உண்டா? நான் எழுதிய பக்கத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

ஒரு நாள் பிற்பகல் அவருடைய பட்டறையில் போய் உட்கார்ந்தேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவர் ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொன்னதை நோட்டில் அப்படியே குறித்துக்கொண்டேன். "என்ன மெஷின், மேலே திறக்கிறதா, முன்பக்கம் திறக்கிறதா? தண்ணீர் வெளியேறுகிறதா? சரி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், நான் மாலைக்குள் வந்துவிடுகிறேன். பார்த்துவிட்டுச் செலவு எவ்வளவு என்று சொல்வேன், நீங்கள் சரி என்றால்தான் கழற்றுவேன்." அழைத்தவரின் பதற்றம் அடங்குவதை எதிரே இருந்த என்னாலேயே உணர முடிந்தது. அவர் தொழிலின் நாணயம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் நான் தாரக மந்திரம் எழுதியிருந்தேன்.

அன்று எழுதிய புதிய முகப்பு இது: "வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் இரண்டையும் உங்கள் வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கிறோம். காலை 10 மணிக்குள் அழைத்தால் அன்றைக்கே வருவோம். பழுது என்ன, செலவு எவ்வளவு என்று முதலில் சொல்வோம். நீங்கள் சம்மதித்த பிறகே வேலையைத் தொடங்குவோம்." அதன் கீழே அவர் செல்லும் பகுதிகளின் பெயர்களும், விரலால் தொட்டவுடன் அழைப்புப் போகும்படி தொலைபேசி எண்ணும் வைத்தோம்.

இவ்வளவு அடிப்படையான செய்திகள் ஏன் விட்டுப்போகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் ஒரு சோதனையில் இருக்கிறது. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தைச் சிலரை மேசையில் தட்டச் சொன்னார். கேட்பவர்கள் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவு கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுகிறவரின் மனதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே இருப்பவருக்கோ வெறும் தட்டல்தான் கேட்கிறது. தினமும் பத்து வீடுகளுக்குப் போய்வருகிற ஒருவருக்கு 'வீட்டுக்கே வருவோம்' என்பது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியாகவே தோன்றுவதில்லை.

படிப்பவர் நிதானமாக உட்கார்ந்து வரிக்கு வரி படிக்கப்போவதும் இல்லை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த யாகோப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பத்தியின் முதல் சில சொற்களிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். கூகுளும் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டும் சிறு விவரத்தைப் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள வாசகத்திலிருந்தே எடுக்கிறது. 'வருக வருக' என்று தொடங்கும் பக்கம் அங்கேயே வாய்ப்பை இழந்துவிடுகிறது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பேனாவைக் கையில் எடுத்தவுடன் நமக்கு மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. 'செய்கிறோம்' என்றால் போதும் என்ற இடத்தில் 'செய்து தரப்படும்' என்றும், 'வருவோம்' என்ற இடத்தில் 'நேரடி வருகைச் சேவை மேற்கொள்ளப்படும்' என்றும் எழுதுகிறோம். யார் செய்வார், எப்போது வருவார் என்பதெல்லாம் அந்தப் 'படும்' விகுதிக்குள் மறைந்துபோகிறது. 'சலவை இயந்திரம்' அழகான சொல் என்பதை மறுக்கவில்லை. கட்டுரையில் நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஒருவர் தேடுவது வாஷிங் மெஷின் என்றுதான். அவர் வாயில் வரும் சொல்லே பக்கத்தின் தலைப்பில் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்பையும் நான் இப்போது எழுதுவதில்லை. பார்வையற்றவர்கள், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைக் கொண்டு இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. 'இங்கே சொடுக்கவும்' என்று ஐந்து முறை கேட்டால் அவர்களுக்கு என்ன புரியும்? 'வருகைக்கு நேரம் குறிக்க' என்று எழுதினால் எல்லோருக்குமே வசதி.

வாசகத்தை முடித்தவுடன் இரண்டு காரியங்கள் செய்கிறேன். முதலாவது, நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு அதே தொழிலில் இருக்கும் வேறொருவரின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் அப்படியே பொருந்துகிற வாக்கியம் பெரும்பாலும் வெட்டப்பட வேண்டியதுதான். இரண்டாவது, தொழில் நடத்துபவரையே சத்தமாகப் படிக்கச் சொல்வேன். பழுதுபார்ப்பவர் புதிய முகப்பைப் படித்தபோது 'சம்மதித்த பிறகே' என்ற இடத்தில் நின்று, "இது என் வாயில் வராது சார், 'சரி என்று சொன்ன பிறகே' என்று போடுங்கள்" என்றார். அப்படியே மாற்றினேன்.