ரொட்டியும் கந்தலும்

தென் அமெரிக்காவில், பெரு-பொலிவியா எல்லையிலுள்ள டிட்டிகாக்கா ஏரிக்கரை, 3,800 மீட்டர் உயரம். அங்கே ஐமரா மொழி பேசும் ஊர்ப் பள்ளிகளில் ஸ்பானியப் பாடநூலை மொழிபெயர்த்தாலே தாய்மொழிக் கல்வி வந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு.

முதல் வகுப்பிலேயே அது தெரிந்துவிடும். ஐமராவில் 'த' என்ற ஒலி மூன்று வகை. 'தன்தா' என்பதில் அந்த ஒலியை மூச்சு விட்டுச் சொன்னால் நைந்த பழசு. தொண்டையை அடைத்து வெடிக்கச் சொன்னால் ரொட்டி. உள்ளங்கையை வாயருகே வைத்துச் சொல்லிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்: பழசுக்கு மூச்சு கையில் படும். உயிரெழுத்து மூன்றே: அ, இ, உ. அடித்தொண்டைக் ககரத்துக்குப் பக்கத்தில் உகரம் ஒகரமாக ஒலிக்கும். மலை 'கொல்யு' என்று காதில் விழும், 'குல்யு' என்று எழுத வேண்டும். நாம் 'ஒடம்பு' என்று பேசி உடம்பு என்று எழுதுவதுபோல. ஸ்பானியத்தில் படித்த ஆசிரியர் கை தானாக ஒகரம் போடும். 1985இல் பெரு ஏற்ற எழுத்துமுறையை ஆசிரியர்தான் முதலில் பழக வேண்டும்.

ஜூன் மாதம் பாடம் வயலுக்குப் போக வேண்டும். அது சுன்யு, அதாவது உறைபனியில் உலர்த்திய உருளைக்கிழங்கு, செய்யும் காலம். பத்து கிலோ கிழங்கை நிறுத்து, அளவு வாரியாகப் பிரித்து, மாலையில் புல்தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். மூன்று இரவு உறைந்து, பகலில் இளகியபின் சிறு குவியலாக்கி வெறுங்காலால் மிதித்தால் நீரும் தோலும் போகும். பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். கடைசியில் தராசில் ஏறுவது ஏறத்தாழ இரண்டு கிலோ. எடை, பின்னம், வரைபடம் எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். மேகம் மூடிய இரவில் தரையின் சூடு வெளியேறாது, கிழங்கு அரைகுறையாக உறைந்து அழுகும். பெரிதும் சிறிதும் கலந்தாலும் இதே கதிதான். சுன்யு செய்யத் தெரிந்த ஊர்ப் பாட்டியைப் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடம் பேச அழைப்பது வீண். விடியற்காலையில், உறைந்த கிழங்குகளைத் தட்டி ஓசை கேட்கும் நேரத்தில் அவர் அங்கே இருக்க வேண்டும்.

அதன்பின் நோட்டில் எழுதும்போது மொழியே சோதிக்கும். தான் பார்த்ததற்கு ஒரு வினைவிகுதி, கேள்விப்பட்டதற்கு வேறு. நம் 'வந்தாராம்' போல, ஆனால் கட்டாயமாக. வரலாற்றுப் பாடத்தைக் கண்ணால் கண்ட விகுதியில் மொழிபெயர்த்தால், பெரியவர்கள் "நீ பார்த்தாயா?" என்று கேட்டே விடுவார்கள். பாட்டி சொன்ன பழைய பஞ்சத்தை ஒரு விகுதியிலும், தான் மிதித்த கிழங்கை மற்றொன்றிலும் ஒரே பக்கத்தில் பிழையின்றி எழுதும் பிள்ளைக்குத் தனி இலக்கணத் தேர்வு தேவையில்லை.